ஐந்தாவது பாட்டில் ஒரு சத்தம்

சின்னவனைப் போன வாரம் நாம் விட்டுவந்த இடம் அவனுடைய ஒற்றை அறை. கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, விடிந்தால் பாட்டு வெளியாகிவிடும் என்று மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். விடிந்துவிட்டது. பாட்டும் வெளியாகிவிட்டது.

இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. சின்னவன் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, ராக் பாட்டுப் பாடுகிறவன். பெரிய கம்பெனி எதுவும் அவன் முதுகுக்குப் பின்னால் இல்லை. முதல் இரண்டு ஆல்பங்களுக்கும் மிக்ஸிங் செய்து, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து கொடுத்தது அவனுடைய அக்காள் புருஷன். மூன்றாவது ஆல்பமான ‘ஈரக் குடை’க்கு மட்டும் மாமாவைக் கூப்பிடவில்லை, எல்லாவற்றையும் தானே செய்தான். “என் பாட்டை இனி ஒருத்தரும் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனவன், ஒன்றரை வருடமாக அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காவோடு போனில் பேச்சு உண்டு. மாமாவோடு அதுவும் கிடையாது. என்ன சண்டை என்று அந்த இரண்டு ஆண்களும் அக்காவான பெரியவளிடம் வாய் திறந்ததே இல்லை.

பெரியவளுக்கு ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற வேலை. பதினாறு வருடமாக அதே கடைசி அறை, அதே முக்காலி.

அன்று காலை பஸ்ஸிலேயே தம்பியின் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். இரைச்சலுக்கு நடுவே கேட்டதில் கொஞ்சம் கூர்மையாகத்தான் இருந்தது. ராக் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தம்பி பாட்டு என்கிற பெருமைக்கு முன்னால் காது என்ன செய்யும், பாவம்.

முதல் நோயாளியை அனுப்பியதும் சீட்டு எழுதும் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“மேடம், கோச்சுக்க மாட்டீங்களே? பாட்டு சூப்பர். ஆனா எலுமிச்சம்பழத்தைக் கடிச்ச மாதிரி பல்லு கூசுது.”

“உன் ஹெட்போன் மட்டமானதா இருக்கும்.”

“இருக்கும் மேடம். இதே ஹெட்போன்ல அவரோட பழைய பாட்டு மட்டும் எப்படி நல்லா கேக்குதுன்னுதான் தெரியல.”

பெரியவள் தன் போனை எடுத்தாள். அடுத்த நோயாளி வருவதற்குள் விமர்சனங்களைத் தேடிப் படித்தாள்.

முதலில் விமர்சகர் கத்தரி. நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பாடுகிறவர்கள் எல்லோருக்கும் அவர் கத்தரிதான். முப்பது வருடமாக ஒரே பத்திரிகையில் எழுதுகிறவர். இந்த முறை அவர் எழுதியிருந்தது இது:

‘வரிகளில் பழைய ஈரம் அப்படியே இருக்கிறது. குரலிலும் குறையில்லை. ஆனால் ஒன்பது பாட்டையும் ஒரே மூச்சில் கேட்க என் காது இடம் கொடுக்கவில்லை. டிரம்ஸின் தட்டுகள் கண்ணாடி உடைவதுபோல் விழுகின்றன. சகரம் வரும் இடமெல்லாம் ஊசி. முன்பு நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர், இப்போது தகரக் கூரைமேல் நின்று பாடுகிறார். ஏன் என்று விளங்கவில்லை.’

அடுத்தது ஓர் இணையதளம். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். ‘ஹெட்போனில் கேட்காதீர்கள். பாத்திரக் கடையில் போட்டுக் கேட்டால் கடைக்குப் பொருந்தும்.’

மூன்றாவது மட்டும் பாராட்டு. எழுதியவர் இளவயது போலிருக்கிறது, உருகியிருந்தார். ‘ஐந்தாவது பாட்டான “ஜன்னல் சீட்”டைக் கேளுங்கள். கிதார் ஓய்ந்த இடத்திலும் ஒரு மெல்லிய கீச்சொலி விடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிரிந்தவளின் நினைப்பும் அப்படித்தானே? அதைத் துடைத்து எடுத்துவிடாமல் அப்படியே விட்ட துணிச்சலுக்கு என் வணக்கம்.’

பெரியவளுக்கு மனசு கொஞ்சம் ஆறியது. ஒருத்தருக்காவது பிடித்திருக்கிறதே.

பதினோரு மணிக்கு ரேடியோவில் அவன் பேட்டி. நேரடி ஒலிபரப்பு. சீட்டு எழுதும் பெண் போனில் அதைப் போட்டு மேசைமேல் வைத்தாள். பேட்டி எடுத்தவள் கலகலவென்று பேசுகிற பெண். நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தாள்.

“அந்த அஞ்சாவது பாட்டுல கடைசி வரைக்கும் ‘ஙீ’ன்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கே, அது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?”

ரேடியோவில் ஒரு விநாடி ஒன்றுமே இல்லை.

“எந்தச் சத்தம்?” என்றான் சின்னவன்.

உடனே சிரித்தான். “இப்படித்தான் கேப்பேன். நானே சொல்லிட்டா சுவாரசியம் போயிடும்ல?”

பேட்டி எடுத்தவளும் சிரித்தாள். சீட்டு எழுதும் பெண்ணும் சிரித்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வழி தெரியாத ஊரில் தெரிந்தவன் மாதிரி முன்னால் நடப்பானே, அப்போது சிரிக்கிற சிரிப்பு அது. தவிர, அந்த இரண்டு வார்த்தையை அவள் தினமும் கேட்கிறாள். அவளுடைய அறையில் உட்கார்ந்து எத்தனை பேர் அதே குரலில், அதே அப்பாவித்தனத்தோடு, ‘எந்தச் சத்தம்?’ என்று கேட்டிருக்கிறார்கள்!

பேட்டி அதோடு முடிந்திருக்கலாம். பேட்டி எடுத்தவள் கத்தரியின் வரிகளை வாசித்துக் காட்டினாள்.

“காது இடம் கொடுக்கலைன்னு எழுதியிருக்காரே?”

“அவர் காதுக்கு வயசாயிடுச்சு,” என்றான் சின்னவன். “என் அக்கா ஆஸ்பத்திரியில காது டெஸ்ட் பண்றவங்க. இன்னிக்கே போய் டெஸ்ட் எடுத்து, சாயங்காலம் ஆறு மணிக்கு என் காதோட சர்ட்டிபிகேட்டை என் இணையப் பக்கத்துல போடுறேன். அவரும் அவரோடதைப் போடட்டும். யாரு காது எப்படின்னு ஜனங்க பாத்துக்கட்டும்.”

“சவாலா?”

“சவால்தான்.”

மேசைமேல் இருந்த போனைப் பெரியவள் கவிழ்த்து வைத்தாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே இரண்டு தெரு தள்ளி நடந்தாள். அவள் கணவனுக்கு அங்கேதான் வேலை, ஒரு குரல் பதிவுக்கூடத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் பாடப்புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் அவர் கையைக் காட்டி வாசிப்பை நிறுத்தினார்.

“என்ன இந்த நேரத்துல? சாப்பிட்டியா?”

“தம்பி பாட்டு கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“அஞ்சாவது பாட்டுல வர்ற சத்தம் அவன் வெச்சதா, வந்து விழுந்ததா?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி.

“வந்து விழுந்ததுதான். மைக் பக்கத்துல சார்ஜரோ விளக்கோ இருந்திருக்கும். எடுக்கறது ஒரு நிமிஷ வேலை. காதுல விழுந்திருந்தா எடுத்திருப்பான்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு எப்போத்துலேருந்து தெரியும்?”

“என்னது?”

“ஏங்க, எங்கிட்ட மறைக்க வேண்டாம்.”

அவர் எதிரிலிருந்த ஒலிப்பதிவு மேசையின் பொத்தான் ஒன்றை மேலே தள்ளி, மறுபடி கீழே இறக்கினார். பிறகு பேசினார்.

“ரெண்டாவது ஆல்பத்துலேருந்து. நாலு வருஷம் ஆச்சு. ‘மாமா, கூர்மையான மேல் சத்தம் மங்கலா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க’ம்பான். ஏத்துவேன். அவன் கிளம்பிப் போனதும் இறக்கி வெச்சிடுவேன். நல்லா வந்துதேன்னு ஊரே பாராட்டுச்சு, அவனும் சந்தோஷமா இருந்தான். அப்புறம் ஒருநாள் பழைய ஃபைலைத் திறந்து பாத்துட்டான். ‘என் முதுகுக்குப் பின்னாடி என் பாட்டைத் திருத்தியிருக்கீங்களா?’ன்னு கேட்டான். காரணத்தை அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல.”

“எங்கிட்டேயாவது சொல்லியிருக்கலாமே!”

“உங்கிட்ட சொன்னா அன்னிக்கே அவனைக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சிருப்பே. பேப்பர்ல எழுதிக் குடுத்திருப்பே. எழுதிட்டா அப்புறம் அது நிஜமாயிடும்ல? பாடுறதைத் தவிர அவனுக்கு வேற என்ன தெரியும்?”

“இருந்ததைக் காப்பாத்தியிருக்கலாம்ங்க!” அவள் குரல் உயர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். “ஸ்பீக்கர் முன்னாடி நிக்காதேன்னு சொல்லியிருக்கலாம். காதுக்கு அடைப்பான் வாங்கிக் குடுத்திருக்கலாம். போன காது திரும்பாது. எங்கூடக் குடும்பம் நடத்துற உங்களுக்கு அதுகூடத் தெரியாதா?”

“தெரியும்,” என்றார் அவர்.

அவளால் அதற்குமேல் திட்ட முடியவில்லை. நல்லது நினைத்துச் செய்தவனை எந்த வாயால் திட்டுவது?

“நானும் வரட்டுமா?”

“வேண்டாம். உங்களைப் பாத்தா அவன் உள்ளேயே வர மாட்டான்.”

திரும்பி நடக்கும்போதுதான் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஒரு நாளைக்கு இருபது பேர். பதினாறு வருடம். ஊரார் காதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சொந்தத் தம்பியை ஒரே ஒரு தடவை அந்த அறைக்குள் உட்காரவைக்க ஏன் தோன்றவில்லை? கூப்பிட்டால் திரும்ப மாட்டான், திமிர் என்றாள். பேசினால் கத்துவான், பாடகன் தொண்டை என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள், காது என்கிற ஒன்றைத் தவிர.

மூன்று மணிக்கு அவன் வந்துவிட்டான். கையில் சுருட்டிய பத்திரிகை.

“அக்கா! எங்கே உன் பெட்டி? கத்தரிக்குப் பதில் அனுப்பணும்.”

“மெதுவா பேசுடா. ஆஸ்பத்திரி.”

“மெதுவாத்தானே பேசுறேன்?”

வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சீட்டு எழுதும் பெண் பேனாவைத் திறந்தாள். “காதுல என்ன தொந்தரவு சார்?”

“எனக்கு ஒண்ணுமில்லைங்க. விமர்சகருக்குத்தான் தொந்தரவு.”

“அப்ப அவரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே சார்.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பெரியவள் அவன் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனாள்.

“இன்னிக்கு வேண்டாம்டா. இத்தனை நாளா ஒத்திகை, சத்தம்னு இருந்திருப்பே. ரெண்டு நாள் அமைதியா இருந்துட்டு வா. அப்பத்தான் சரியா வரும்.”

“ஆறு மணிக்குப் போடுறேன்னு ஊருக்கே சொல்லிட்டேன்க்கா.”

“சொன்னா என்ன? ஜுரம்னு சொல்லிடு.”

“ஜுரம்னா பயந்துட்டான்னு எழுதுவாங்க.” சுருட்டிய பத்திரிகையை அவன் விரித்தான், மறுபடி சுருட்டினான். “வேற எவன் என்ன எழுதினாலும் எனக்குக் கவலையில்லக்கா. பாத்திரக் கடைன்னு எழுதினானே, அவனுக்கு இருபது வயசு, போகட்டும். ஆனா என் முதல் ஆல்பத்தை ஒருத்தனும் சீந்தாதப்ப கத்தரி ஒருத்தர்தான் முழுப் பக்கம் எழுதினாரு. நான் நினைச்சதை எல்லாம் நான் சொல்லாமலே எழுதினாரு. அந்த மனுஷன் ‘விளங்கவில்லை’ன்னு எழுதியிருக்காரு. அதைத்தான்க்கா தாங்க முடியல.”

அவன் கண்ணைப் பார்த்த பிறகு பெரியவளுக்குத் தடுக்க மனசு வரவில்லை. அதைவிட, தடுக்கக் கூடாது என்று புரிந்தது. நாலு வருடமாக ஒருவர் தடுத்துத்தான் இந்த நிலை.

சத்தம் புகாத அறைக்குள் அவனை உட்காரவைத்து, நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பினாள். சோதிக்கிறவள் கையைப் பார்த்தே அழுத்துகிற ஆட்கள் உண்டு. ஹெட்போனை மாட்டி, பொத்தானைக் கையில் கொடுத்தாள்.

“சத்தம் கேட்டா அழுத்து. நின்னா விட்டுடு. அவ்வளவுதான்.”

“எவ்வளவு மார்க் எடுத்தா பாஸ்?”

“உக்காருடா சும்மா.”

கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தாள். அவன் அழுத்தினால் அவள் பெட்டியில் ஒரு விளக்கு எரியும். வலது காதுக்குச் சிவப்பில் வட்டம், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி என்று தாளில் குறிக்க வேண்டும்; எவ்வளவு பலமாக்கினால் கேட்கிறதோ அவ்வளவு கீழே. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்று எந்தப் பேனா எந்தக் காதுக்கு என்று இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

வலது காது. தடித்த சத்தங்களுக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினான். குழந்தை காது மாதிரி சுத்தம். அவளுக்கு ஒரு நப்பாசை வந்தது. சத்தம் கீச்சாகி மேலே போகப் போக, விளக்கு எரியத் தாமதமானது. இன்னும் மேலே போனதும் எரியவே இல்லை. பலமாக்கினாள். இன்னும் பலமாக்கினாள். பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்டுவிடுமோ என்கிற அளவுக்கு வந்தபின் எரிந்தது.

இடது காது அதைவிட மோசம். சிவப்பு வட்டங்கள் இறங்கிய இடத்துக்கும் கீழே நீலக் குறிகள் இறங்கின.

கடைசியில், அவள் சத்தம் எதுவும் அனுப்பாத நேரத்தில், விளக்கு எரிந்தது. எரிந்தது எரிந்தபடியே நின்றது.

மைக்கைத் திறந்தாள். “நான் எதுவும் அனுப்பலடா. கையை எடு.”

“வருதேக்கா.”

“என்ன வருது?”

“மெல்லிசா, ‘ஙீ’ன்னு. எப்பவும் வர்றதுதான். சுத்தி அமைதியா இருந்தா எல்லாருக்கும் வருமே, அது.”

பெரியவள் மைக்கை ஒரு கணம் மூடினாள். மூச்சை இழுத்துவிட்டுத் திறந்தாள்.

“எல்லாருக்கும் வராதுடா.”

உள்ளே அவன் தலை மெதுவாகத் திரும்பியது. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். அமைதி என்பதே அந்தச் சத்தம்தான் என்று இத்தனை வருடமாக அவன் நினைத்திருக்கிறான். ஐந்தாவது பாட்டுக்குள் சார்ஜர் கீச்சிட்டிருந்தாலும், அந்த வழியாக ஒரு வண்டே பறந்திருந்தாலும், அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

வெளியே வந்து கையை நீட்டினான். குரல் இப்போது நிஜமாகவே மெதுவாக இருந்தது. “குடு.”

“உக்காரு. நான் சொல்றேன்.”

“குடுக்கா.”

மற்றவர்களுக்கு அவள் எடுத்துச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். இவனுக்கு வேண்டியிருக்கவில்லை. தடித்த சத்தம் இடப்பக்கம், கீச்சுச் சத்தம் வலப்பக்கம் என்று வரைந்த படத்தைத்தான் அவன் மிக்ஸிங் செய்யும்போது கம்ப்யூட்டரில் ஒரு வருடமாக ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பும் நீலமும் நேராக வந்து, பாதிக்கு மேல் ஒரேயடியாகச் சரிகின்றன. அவன் விரல் அந்தச் சரிவோடு இறங்கியது.

பிறகு தாளைத் தலைகீழாகப் புரட்டி, வெளிச்சத்துக்கு நேராகப் பின்பக்கமிருந்து பிடித்தான். இறங்கியதெல்லாம் இப்போது ஏறியது.

“இது என் மிக்ஸ்க்கா,” என்றான். “எங்கெங்கே எவ்வளவு ஏத்தினேனோ அப்படியே இருக்கு. எனக்குக் கேக்காததை எல்லாம் ஜனங்க காதுல ஏத்தியிருக்கேன்.”

பெரியவள் அவன் தோளில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை.

“கத்தரி காது நல்லாத்தான் இருக்கு,” என்றான். “இது திரும்பி வருமா?”

பதினாறு வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில். “போனது வராது. இருக்கறதை இருக்கற மாதிரியே காப்பாத்தலாம். நீ நான் சொல்றதைக் கேட்டா.”

“பாடலாமா?”

“பாடலாம். எப்படிங்கறதை டாக்டர்கிட்ட உக்காந்து பேசலாம்.”

அவனுடைய போன் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தான். ‘சர்ட்டிபிகேட் எங்கே அண்ணா?’ என்று ஒருவர். ‘ஆறு மணிக்குக் காத்திருக்கோம்’ என்று இன்னொருவர். கீழே கீழே அதே கேள்விதான். சுவர்க் கடிகாரத்தில் நாலே கால்.

“மாமாவுக்கு இது தெரியுமா?” என்று கேட்டான் திடீரென்று.

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. இரண்டு ஆண்களுக்கும் நடுவே இன்னொரு சண்டை இல்லாமல் போகும். அவள் தாளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

“தெரியும். நாலு வருஷமா.”

அவன் போனைக் கீழே இறக்கினான். கோபமா, வேறு ஏதாவதா, அவளுக்குப் பிடிபடவில்லை. முகம் மட்டும் சின்ன வயதில் இருந்ததுபோல் ஆகிவிட்டது.

“அதுக்குத்தான் இறக்கி வெச்சாரா?”

“அதுக்குத்தான்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“அதையேதான் நானும் கேட்டேன்.”

சின்னவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். போனில் ஏதோ ஒரு பெயரைத் தேடித் தொட்டான். கத்தரியா, ரேடியோக்காரியா, மாமாவா, எட்டிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. போனை இடது காதில் வைத்தான், எப்போதும் வைக்கிற மாதிரி.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு போனை எடுத்து வலது காதுக்கு மாற்றிக்கொண்டான்.